தரையம்மாவின் ஏழு மணி வகுப்பு

பொது அறையின் வாசலில் தரையம்மா குந்தி உட்கார்ந்து, யாருடையதோ ஒரு ஜோடிச் செருப்பைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருக்கிறார். உள்ளே புதுக் கம்பளம் விரித்திருப்பதால் எல்லோரும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இவருக்கு அது நல்ல வசதியாகிவிட்டது. இடது செருப்பின் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. வலது செருப்பின் முனை உரசி உரசி வெளுத்திருக்கிறது. "வலது காலைத் தூக்கி வைக்கறதில்ல, இழுத்து வைக்கறார்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். செருப்புக்குரியவர் கண்ணாடிக் கதவு வழியாக இதைப் பார்த்துவிட்டு அவசரமாக வெளியே வருகிறார்.

"ஏம்மா, அது என்னோடது."

"தெரியுதுங்கய்யா. மூணாவது மாடிதானே? போன வாரம் எங்கயாவது கால் தடுக்குச்சா?"

அவர் குனிந்து தன் வலது காலைப் பார்க்கிறார். தடுக்கியது உண்மைதான். அவருக்கும் அவர் வீட்டுக் குளியலறைச் சுவருக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி அது.

தரையம்மா என்பது இந்தக் குடியிருப்பு அந்த அம்மாளுக்கு வைத்த பெயர். அலுவலகக் காகிதங்களில் 'நல்வாழ்வுத் திட்ட ஒருங்கிணைப்பாளர்' என்று இருக்கும். அதை ஒருவர் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் லிஃப்ட் நாலாவது மாடிக்குப் போய்த் திரும்பி வந்துவிடும் என்பதால் யாரும் சொல்வதில்லை. வயது ஐம்பத்தேழு. கட்டையான உடம்பு, கனத்த மணிக்கட்டு, இறுக்கி முடிந்த கொண்டை, எந்த உடைக்கும் பொருந்தாத வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. பேசுபவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பார். பேசி முடித்துப் போகும்போது முதுகைப் பார்ப்பார். முகத்துக்கு நடுவில் கொஞ்சம்தான் நேரம் கிடைக்கும்.

இன்னொரு வினோதமும் உண்டு. எதற்கெடுத்தாலும் நன்றி சொல்வார். அதுவும் நாமெல்லாம் நன்றி சொல்கிற இடங்களில் அல்ல. "இன்னைக்குப் படியேறி வந்தீங்களா? ரொம்ப நன்றிங்கம்மா." "கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு எறங்கினீங்களே, பாத்தேன், நன்றி." தண்ணீர் குடித்ததற்கு நன்றி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டதற்கு நன்றி. முதலில் எல்லோரும் கேலி என்று நினைத்தார்கள். ஒரு அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு அலுவலகத்தில் புகார்கூடச் செய்தார். கேலி இல்லை என்று புரிய இரண்டு மாதம் ஆயிற்று.

குடியிருப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான்கு மாடி, அறுபத்து நான்கு வீடுகள், எல்லாம் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு. ஒவ்வொருவருக்கும் தனிக் கதவு, தனிச் சாவி, தனி அடுப்பு. மாத்திரை போட்டாயா, குளித்தாயா என்று யாரும் யாரையும் விரட்டுவதில்லை. தோட்டத்தைத் தாண்டினால் இன்னொரு கட்டடம் இருக்கிறது. தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்கானது. நல்ல நர்சுகள், நேரத்துக்குச் சாப்பாடு, சுத்தமான படுக்கை என்று குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்றுதான்: அங்கே அறைக் கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தக் கட்டடத்தின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். "தோட்டத்துக்கு அப்பால" என்பார்கள். சொல்லும்போது குரல் தானாக இறங்கிவிடும்.

அங்கே போவதற்கு ஒரு விதி உண்டு. ஒருவர் ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை விழுந்து, எழ முடியாமல் கிடந்து, வேறு யாராவது வந்து தூக்கிவிடும்படி ஆனால், மேற்பார்வை நர்ஸ் ஒரு சோதனை வைப்பார். அதில் கடைசி அம்சம், தரையில் உட்கார்ந்த நிலையிலிருந்து யாரும் தொடாமல் எழ வேண்டும். எழுந்தால் அவரவர் வீடு அவரவருக்கு. இல்லாவிட்டால் தோட்டத்துக்கு அப்பால்.

தரையம்மா இங்கே வருவதற்கு முன் இருபத்தாறு வருடம் ஒரு மருத்துவமனையின் எலும்பு வார்டில் வேலை பார்த்தார். உடைந்த இடுப்புக்கும் ஒட்டிய தொடைக்கும் மறுபடி நடக்கச் சொல்லிக்கொடுக்கிற வேலை. புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் வலி எங்கே என்று கேட்பதற்கு முன்னால், "எவ்வளவு நேரம் தரையில கிடந்தீங்க?" என்று கேட்பார். எலும்பு எங்கே உடைந்தது என்பதைச் சிலர் மறந்திருப்பார்கள். கிடந்த நேரத்தை ஒருவர்கூட மறந்ததில்லை. ஒரு பெரியவர் காலை ரேடியோச் செய்தியிலிருந்து மாலை ரேடியோச் செய்தி வரை சமையலறையில் கிடந்திருந்தார். பக்கத்து அறையில் தொலைபேசி ஒன்பது தடவை அடித்து ஓய்ந்ததாம். படம் எடுத்துப் பார்த்தால் அவருக்கு ஒரு எலும்பும் உடையவில்லை. தரையிலிருந்து எப்படி எழுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அன்று வீட்டுக்குப் போய்த் தரையம்மா அழுதார். அழுது முடித்து, வீட்டுக்காரரைக் கூடத்துத் தரையில் படுக்கச் சொல்லி, "எந்திரிங்க, எப்படி எந்திரிக்கறீங்கன்னு நான் பாக்கணும்" என்றார். பஸ் பணிமனையில் மெக்கானிக்கான அந்த மனுஷன், நாள் முழுக்க வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்துவிட்டு வந்தவர். "ஊருக்கெல்லாம் எந்திரிக்கச் சொல்லிக்குடுக்கறே. வீட்ல இருக்கறவன் படுத்தா மட்டும் உனக்குப் பொறுக்கல" என்று சொல்லிவிட்டு அங்கேயே தூங்கிப்போனார்.

போன வருடம் இந்தக் குடியிருப்பில் நல்வாழ்வுத் திட்டம் ஒன்று தொடங்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தார். வந்ததும் முதல் வேலையாக ஒரு தவறு செய்தார். நல்ல தடித்த எழுத்தில், 'முதியோர் நலப் பயிற்சி, தினமும் காலை ஏழு மணி, பொது அறை' என்று எழுதி லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் ஒருவர் வந்தார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து செய்தித்தாளை விரித்து, "இன்னும் சத்தம் போடற மாதிரி எதுவும் ஆரம்பிக்கலையே?" என்று கேட்டுவிட்டுப் படிக்கத் தொடங்கினார். அவர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பத்தொரு வயது. ஒரு முழங்கால் செயற்கை, இன்னொன்று அதைவிட மோசம்.

"ஐயா, நீங்க பயிற்சிக்கு வரலாமே?"

"நானா? முதியோருக்குன்னு போட்டிருக்கே. நான் போய் அவங்க எடத்தை அடைச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்?" என்றார் கார்டு ஐயா. பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டாவது மாடியில ஒரு போஸ்ட்மாஸ்டரம்மா இருக்காங்க. அவங்களைக் கூப்பிடுங்க. பாவம், வயசாயிடுச்சு" என்றார்.

போஸ்ட்மாஸ்டரம்மாவுக்கு எழுபத்தெட்டு. கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு தரையம்மா சொன்னதை முழுவதும் கேட்டார். "நல்ல காரியம். அவசியம் வேணும். நாலாவது மாடியில கார்டு இருக்காரே, அவரைக் கூப்பிட்டீங்களா? மனுஷன் நடக்கறதைப் பாத்தாலே எனக்கு பயமா இருக்கு" என்றார்.

இப்படியே தரையம்மா அறுபத்து நான்கு கதவையும் தட்டினார். வயதானவர்கள் எல்லோரும் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். தட்டிய வீட்டில் மட்டும் ஒருவரும் இல்லை.

அன்றைக்கு மாலை அறிவிப்பைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். மறுநாள் மறுபடி கதவு கதவாகப் போனார். இந்தத் தடவை பேச்சு வேறு. "போஸ்ட்மாஸ்டரம்மாவுக்கு நின்னு பழக ஒரு ஆள் துணை வேணும். நீங்க கொஞ்சம் கூட வந்து நிப்பீங்களா?" என்று கார்டு ஐயாவிடம் கேட்டார். "கார்டு ஐயாவுக்கு ஒரு துணை வேணும்" என்று போஸ்ட்மாஸ்டரம்மாவிடம் கேட்டார். எல்லா வீட்டிலும் இதே பாட்டு. அடுத்த நாள் காலை ஏழு மணிக்குப் பத்தொன்பது பேர் வந்து நின்றார்கள். பத்தொன்பது பேரும் துணைக்கு வந்தவர்கள். யாருக்குத் துணை என்று ஒருவரை ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். தரையம்மா ஒன்றும் தெரியாத முகத்தோடு, "வந்ததுக்கு ரொம்ப நன்றி. ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க. ஒருத்தர் காலைத் தூக்கும்போது இன்னொருத்தர் பாத்துக்கணும்" என்றார்.

கார்டு ஐயாதான் முதலில் கண்டுபிடித்தார். "எல்லாரும் கார்டு. பாசஞ்சரே இல்லாத வண்டியை ஓட்டறாங்கம்மா நம்ம ஆளு" என்றார். சிரித்தார்கள். மறுநாளும் வந்தார்கள். துணைக்குத்தான் வருகிறோம் என்பதை இன்றுவரை ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் வந்துகொண்டிருப்பதே தரையம்மாவுக்குப் போதும்.

நடை, ஒற்றைக்கால் நிலை, நாற்காலியில் உட்கார்ந்து எழுதல் எல்லாம் முடிந்து, மூன்றாவது வாரம் தரைக்கு வந்தார். அன்றுதான் பெயர் கிடைத்தது.

"இன்னைக்குக் கீழ படுக்கப்போறோம்" என்றார்.

"விழக் கூடாதுன்னுதான் இவ்வளவு பாடுபடறோம். விழச் சொல்லிக்குடுக்க ஒரு ஆளா?" என்றது ஒரு குரல். "அபசகுனமா இருக்கு" என்றது இன்னொன்று.

"யானைக்கும் அடி சறுக்கும்ங்க. சறுக்கினா என்ன செய்யறதுன்னு யானைக்கு யாரும் சொல்லிக்குடுக்கல. நமக்காவது தெரிஞ்சிருக்கட்டும்" என்று சொல்லி, அவரே கம்பளத்தில் மல்லாந்து படுத்தார். கேன்வாஸ் ஷூவைக் கழற்றிய பாதங்கள் இரண்டும் கூரையைப் பார்த்தன. படுத்தபடியே பாடம் நடந்தது. விழுந்ததும் எழக் கூடாது. மூச்சை எண்ணிக்கொண்டு கிடக்க வேண்டும். எங்கே வலிக்கிறது என்று உடம்பைக் கேட்க வேண்டும். பிறகு ஒரு பக்கமாக ஒருக்களிக்க வேண்டும், முழங்கையை ஊன்ற வேண்டும், முழங்காலுக்கும் கைக்கும் வர வேண்டும், குழந்தை மாதிரி நாற்காலிவரை தவழ வேண்டும், இருக்கையில் கைவைத்து, பலமுள்ள காலை முன்னால் ஊன்றி, எழுந்து, திரும்பி, உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் ஓட்டம் பிடிக்கக் கூடாது. "கையைப் பிடிச்சு யாரும் யாரையும் இழுக்காதீங்க. இழுத்தா ரெண்டு பேரும் விழுவீங்க. நாற்காலியைக் கொண்டுபோய் வைங்க, அது போதும்."

முதலில் இறங்கியவர் கார்டு ஐயா. இறங்குவதற்கு நான்கு நிமிடம், ஏறுவதற்கு ஒன்பது. நடுவில் ஒரு முறை பக்கவாட்டில் சாய்ந்து, "கம்பளத்தோட தரத்தைப் பரிசோதிச்சேன்" என்றார். கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனுஷர். எழுந்து உட்கார்ந்ததும் அவர் கண் கலங்கியிருந்தது. தரையம்மா எல்லோருக்கும் கேட்கும்படி அவருக்கு நன்றி சொன்னார். வயதான ஒருவர் பத்துப் பேர் முன்னால் தரையில் படுத்துக் காட்டுவது சின்ன விஷயமில்லை. அது தனக்குக் கொடுக்கப்பட்ட மரியாதை என்று அவர் நினைக்கிறார். அன்று மட்டுமல்ல, ஒவ்வொரு நாளும் அப்படித்தான் நினைக்கிறார்.

படுக்காதவர் ஒருவர் மட்டும்தான். போஸ்ட்மாஸ்டரம்மா.

மடிப்புக் கலையாத உடை, நெஞ்சில் குத்திய பேனா, நேர் முதுகு. முதல் நாளிலேயே வருகைப் பதிவை அவர் தன் கையில் எடுத்துக்கொண்டார். பார்சல் வந்திருப்பதைப் போல ஒவ்வொரு வீட்டு எண்ணாகக் கூப்பிட்டு, வந்தவரைத் தலை முதல் கால் வரை பார்த்து ஒரு கோடு போடுவார். யார் முழங்கையை ஊன்ற மறந்தாலும் உடனே கண்டிப்பார். "நாலாம் நம்பர், முதல்ல மூச்சு. எண்ணினீங்களா? எண்ணலை. திரும்பப் படுங்க." ஒரு படியைக்கூட மாற்றிச் சொல்ல மாட்டார். ஆனால் அவரைப் படுக்கச் சொன்னால், "அதெல்லாம் எனக்கு மனப்பாடம். தரைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க. முப்பத்தெட்டு வருஷம் கவுன்ட்டருக்குப் பின்னாடி நின்னவ நான். என்னை யாரும் குனிஞ்சு பாத்ததில்ல" என்பார்.

தரையம்மா வற்புறுத்தவில்லை. அவரும் மனுஷிதானே. பத்தொன்பது பேரைக் கட்டி மேய்க்க இப்படி ஒரு ஆள் கிடைத்ததில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது. அதைத்தான் அவர் பின்னால் நினைத்து நினைத்து நொந்துகொண்டார்.

போஸ்ட்மாஸ்டரம்மா திட்டம் தொடங்குவதற்கு முன்பே ஒரு முறை குளியலறையில் விழுந்து, காவலாளி வந்து தூக்கிவிட்டிருந்தார். இரண்டாவது முறை விழுந்தது நான்காம் மாதம். வகுப்புக்குக் கிளம்பி, வீட்டுக் கதவுக்கு உள்ளே செருப்பை எடுக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஏழு அடித்தது. பதிவேட்டோடு அவர் வராத வகுப்பு அதுவரை நடந்ததில்லை என்பதால் ஏழு பத்துக்கு எல்லோரும் வாசலைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஏழேகாலுக்குக் கார்டு ஐயா, "இது சரியில்லையே" என்று சொல்லி எழுந்தார். எல்லோரும் போய்த் தட்டியபோது உள்ளேயிருந்து நிதானமான குரல் வந்தது. "உடைஞ்ச மாதிரி தெரியல. மூச்சு எண்ணிட்டேன். ஒருக்களிச்சுட்டேன். அதுக்கு மேல வரல."

அலுவலகச் சாவியால் திறந்து, தூக்கி உட்காரவைத்தார்கள். மொத்தம் நாற்பது நிமிடம் தரையில் கிடந்திருந்தார். அத்தனை படிகளையும் வரிசை மாறாமல் ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர், ஒருக்களிப்பதோடு நின்றுபோயிருந்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். தரையம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

அன்று மாலையே அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று வாரத்தில் சோதனை. இரண்டு மணி நேரத் தொலைவிலிருந்து மகள் ஓடி வந்தாள். கெட்டவள் இல்லை. அம்மாவை நினைத்துத் தூக்கம் கெட்டவள். "இங்கயே பக்கத்துல தோட்டத்தைத் தாண்டினா ரூம் இருக்காம்மா. நான் பாத்துட்டு வந்தேன். ஜன்னல் வழியா வெயில் வருது" என்றாள். போஸ்ட்மாஸ்டரம்மா தன் கதவின் உள்தாழ்ப்பாளை மட்டும் ஒரு முறை பார்த்தார். அங்கே நின்றுகொண்டிருந்த தரையம்மா அதைக் கவனித்தார்.

மகள் போனபின் அவர், "தப்பு என்னோடதும்மா" என்றார். "உங்களை வேலை வாங்கிக்கிட்டேன். கத்துக்குடுக்கல. மூணு வாரம் இருக்கு. மத்தியானம் நான் உங்க வீட்டுக்கு வரேன். யாரும் பாக்க மாட்டாங்க."

"நீங்க பாப்பீங்களே."

"நானும் கூடவே படுத்துக்கறேன். அப்ப ரெண்டு பேரும் ஒரே மட்டம்."

அப்படித்தான் தொடங்கியது. முதல் மூன்று நாள் கட்டில் மேலேயே ஒருக்களிப்பதும் முழங்கை ஊன்றுவதும். பிறகு தரையில் மெத்தை. பிறகு மெத்தையும் இல்லை. முதல் தடவை இருவரும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தபோது போஸ்ட்மாஸ்டரம்மா அலமாரிக்கு அடியில் பார்த்துத் திடுக்கிட்டார்.

"கடவுளே, இவ்வளவு தூசியா? யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

"தரையில விழுந்தவங்கதான் பாக்க முடியும்மா."

"அப்ப சீக்கிரம் எழுப்பிவிடுங்க, பெருக்கணும்."

வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரிப்பில் பிடித்த மூச்சு இறங்க நேரமாயிற்று. அன்று எழ முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. தவழ்ந்து நாற்காலிக்கு வந்துவிடுவார், இருக்கையில் கைவைப்பார், காலை முன்னால் ஊன்றுவார், அங்கே தொடை நடுங்கித் திரும்பத் தரைக்கு வந்துவிடுவார். ஒன்பதாவது நாள் தொடை நடுங்கியும் நின்றது. நின்று, திரும்பி, உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, "ஆறு நிமிஷம்" என்றார். தரையம்மா நன்றி சொல்ல வாயைத் திறந்தவர், துடைப்பத்தை எடுத்து அலமாரிக்கு அடியில் பெருக்கத் தொடங்கினார். அன்றைக்கு மட்டும் சொல்லாமல் விட்டார்.

சோதனை ஒரு புதன்கிழமை, பொது அறையில். மேற்பார்வை நர்ஸ் அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு வந்தார். கறாரானவர், ஆனால் நியாயமானவர். மகளும் வந்திருந்தாள். மற்றவர்கள் யாரும் வரக் கூடாது என்று சொல்லப்பட்டிருந்ததால் பதினெட்டுப் பேரும் தற்செயலாக அங்கே இருந்தார்கள். கார்டு ஐயா செய்தித்தாள் படித்தார். இரண்டு பேர் ஜன்னலோரம் சதுரங்கப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், காய்கள் பெட்டியிலேயே இருந்தன. ஒரு அம்மாள் மூலையிலிருந்த பிளாஸ்டிக் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

நடை சரி. படி சரி. ஒற்றைக்கால் நிலை சரி. "இப்ப தரைக்கு வாங்கம்மா" என்றார் நர்ஸ். "அவசரமில்ல. நேரக் கணக்கு கிடையாது. ஆனா யாரும் தொடக் கூடாது, எதுவும் சொல்லவும் கூடாது." கடைசி வாக்கியத்தைத் தரையம்மாவைப் பார்த்துச் சொன்னார். தரையம்மா கம்பளத்தின் ஓரத்தில் முழங்காலிட்டு, உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் செருகி, கைமேலேயே உட்கார்ந்துகொண்டார். இல்லாவிட்டால் அவை தாமாக நீண்டுவிடும் என்று அவருக்குத் தெரியும். இருபத்தாறு வருடப் பழக்கம்.

போஸ்ட்மாஸ்டரம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தரைக்கு இறங்கினார். மற்ற பதினெட்டுப் பேரையும் படுக்கச் சொல்லி நின்று பார்த்தவர், முதல் தடவையாக எல்லோர் பார்வைக்கும் கீழே இருந்தார். காதுமடல் சிவந்திருந்தது. ஒருக்களித்தார். முழங்கை ஊன்றினார். தவழ்ந்தார். இருக்கையில் கைவைத்து, வலது காலை ஊன்றி எழும்போது கம்பளம் சுருண்டு, பாதம் வழுக்கி, பக்கவாட்டில் தொப்பென்று சாய்ந்தார்.

"அம்மா!" மகள் ஓடினாள்.

"தொடாதீங்க" என்றார் நர்ஸ்.

மகள் பாதியில் நின்றாள். செய்தித்தாள் கீழே விழுந்தது. செடித் தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து தரையில் ஓடியது. தரையம்மாவின் உதடு பல்லுக்கடியில் இருந்தது. அவருக்குச் சொல்வதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது, அதைச் சொல்லவும் அனுமதியில்லை. ஒரு பெண்மணியின் கதவும் சாவியும் தாழ்ப்பாளும் அந்தக் கம்பளத்தில் ஒருக்களித்துக் கிடந்தன.

போஸ்ட்மாஸ்டரம்மா அசையவில்லை. எல்லோரும் அடுத்த அசைவுக்காகக் காத்திருந்தபோது, மெல்லிய குரல் ஒன்று கேட்டது. "ஒண்ணு... ரெண்டு... மூணு..." மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். பத்து வரை எண்ணினார். பிறகு எவ்வளவோ நிதானமாக, வரிசையில் நிற்கிற கடைசி ஆள்வரை கவனிக்காமல் கவுன்ட்டரை மூட மாட்டேன் என்பவரைப் போல, சுருண்ட கம்பளத்தைக் கையால் நீவிவிட்டார். ஒருக்களித்தார். முழங்கை. முழங்கால். இருக்கை. இந்தத் தடவை இடது காலை ஊன்றினார். தொடை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டார். எழுந்தார். திரும்பினார். உட்கார்ந்தார்.

பதினோரு நிமிடம். நர்ஸ் காகிதத்தில் எழுதி, "உங்க வீட்டுக்கே போகலாம்மா" என்றார். போஸ்ட்மாஸ்டரம்மா கையை நீட்டி அந்தக் காகிதத்தை வாங்கி, வீட்டு எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகுதான் அறையில் சத்தம் வந்தது. கார்டு ஐயா விசில் அடித்தார், ரயிலே கிளம்பிவிடும் போல. மகள் அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அழுதுகொண்டே தரையம்மாவைப் பார்த்து, "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல" என்றாள்.

"நான் என்னம்மா செஞ்சேன்? அம்மாதான் என்னை நம்பித் தரைக்கு வந்தாங்க. நான்தான் நன்றி சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே தரையம்மா எழப்போனார். எழ முடியவில்லை. பதினோரு நிமிடம் மடக்கிய கால்கள் இரண்டும் மரத்துப்போயிருந்தன. இடுப்புக்குக் கீழே கால் இருப்பதாகவே தெரியவில்லை. ஒரு கையை ஊன்றிப் பார்த்தார். அந்தக் கையும் மரத்திருந்தது. பக்கவாட்டில் சரிந்து, அத்தனை பேர் முன்னால் கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ரத்தம் ஏறியது. நர்ஸ் ஒரு பக்கமிருந்தும் மகள் ஒரு பக்கமிருந்தும் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள்.

"தொடாதீங்க" என்றார் போஸ்ட்மாஸ்டரம்மா.

இருவரும் நின்றார்கள். போஸ்ட்மாஸ்டரம்மா தான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்தார். அதை இரண்டு கையாலும் பிடித்து, கம்பளத்தின் மேல் மெல்லத் தள்ளிக்கொண்டு போய், தரையம்மாவுக்கு நேர் எதிரே நிறுத்தினார். ஆடுகிறதா என்று ஒரு தடவை அசைத்துப் பார்த்தார். பிறகு அதன் பின்னால் போய், காலை அகட்டி நின்று, சாய்மானத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

தரையம்மா இரண்டு உள்ளங்கைகளையும் இருக்கையின் மேல் வைத்தார்.